மொய் நோட்டில் எழுதாதீர்கள்

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன். தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், சம்பளம் 16,000. காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் பைக் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். பில் 1,10,000. கையிருப்பு 35,000, மனைவியின் வளையலை அடகு வைத்து 30,000. மீதிக்குத் தவித்தபோது அவருடைய கிறிஸ்தவச் சபை கைகொடுத்தது. ஆயர் கவரில் வைத்துக் கொடுத்தது 41,000, தெரிந்தவர்கள் ஜிபேயில் அனுப்பியது 27,000. பில்லைக் கட்டிய பிறகு 23,000 மிச்சம். இன்னும் இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது.

இனி அவர் வார்த்தையிலேயே: "இருபது வருஷம் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை, தசமபாகத்தை, தவறாமல் கொடுத்தவன் ஐயா நான். இப்போது வாங்குகிற இடத்தில் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு வருஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மீதி 23,000ஐ இப்போதே திருப்பிக் கொடுங்கள் என்கிறாள் மனைவி. மாதம் 5,000 சீட்டு கட்டி வருகிறேன். 13 மாதம் கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை. அது தெரிந்தால் சபையார் என்ன நினைப்பார்கள்? இந்தப் பணத்துக்கும் தசமபாகம் உண்டா? ஒரு ஊழியக்காரர் இதில் பத்தாயிரத்தைத் தன் ஊழியத்துக்கு விதையாகப் போடச் சொல்கிறார், பல மடங்காகத் திரும்பி வருமாம்."

வேத வசனத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இ.எஸ்.ஐ. என்று, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு, மாதம் 120 ரூபாய் அளவில் பிடித்திருக்கிறார்களா? 21,000 வரை சம்பளம் வாங்குகிற தொழிலாளி அந்தத் திட்டத்துக்குள் வருவார். உங்களிடமிருந்து 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நாலு பக்கக் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முப்பது வருஷம் வங்கியில் இருந்துவிட்டு, சபைப் பொருளாளராகவும் கணக்கு எழுதியவன் நான். உதவி கேட்டு வருகிற பத்துப் பேரில் பாதிப் பேர் இதைச் சொல்வதே இல்லை. மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், அது நினைவிலேயே இருப்பதில்லை.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில், வேலையை ஒட்டி நேர்ந்த விபத்தையும் வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்ள இ.எஸ்.ஐ. திட்டத்தில் இடம் இருக்கிறது. ஷிப்ட் நேரம், நீங்கள் வந்த பாதை இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அப்படி ஏற்றுக்கொண்டால், வேலைக்குப் போக முடியாத காலம் முழுக்கச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். உங்கள் கணக்கில் மாதம் 14,000 சொச்சம். வேலைக் காயமாக ஏற்கவில்லை என்றாலும், சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால் நோய்க்கால உதவி உண்டு: 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை. அவசரத்துக்குத் தனியாரில் சேர்ந்ததால் பில்லையும் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். முழுத் தொகை வராது, அவர்கள் விகிதப்படி ஏதாவது வரும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உக்கிராணத்துவம், அதாவது கையில் உள்ளதைப் பொறுப்பாகக் கையாளுவது, என்று நாம் பிரசங்கத்தில் கேட்கிற பெரிய வார்த்தை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இ.எஸ்.ஐ. தர்மம் இல்லை, உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம். சபையின் ஏழையர் நிதி வேறு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருகிற பெண்கள் நம் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பிடி அரிசி விற்ற காசும் அந்த 41,000க்குள் இருக்கலாம். ஆபீஸில் போய் நிற்கச் சங்கடப்பட்டுக்கொண்டு அந்தக் காசை வாங்கினால், வரிசை தப்பிப்போகிறது. நீங்கள் வாங்கியது தப்பு என்று சொல்லவில்லை. ஆபரேஷன் அன்று இ.எஸ்.ஐ. பணம் கைக்கு வந்திருக்காது, சீட்டும் அன்றைக்கு ஏலம் விட்டிருக்காது. அன்று வாங்கியது சரி. இன்று செய்ய வேண்டியது வேறு.

இப்போது அந்த நோட்டு.

நீங்கள் போட்டிருப்பது மொய் நோட்டு. கல்யாணத்தில், காதுகுத்தில் வாசலில் ஒருவர் உட்கார்ந்து எழுதுவாரே, அதே நோட்டு. அவர் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பிச் செய்ய வேண்டும், முடிந்தால் ஒரு நூறு சேர்த்து. அது நல்ல பழக்கம்தான், நம் ஆட்கள் எத்தனையோ பேருக்கு வட்டியில்லாத வங்கியே அதுதான். ஆனால் சபையார் உங்கள் காலுக்குக் கொடுத்தது மொய் இல்லை. அதை மொய்யாக மாற்றினால், கொடுத்தவரை உங்களுக்குக் கடன் கொடுத்தவராக ஆக்கிவிடுகிறீர்கள், அவரைக் கேட்காமலேயே.

இதை நானே ஒருமுறை கேவலமாகச் செய்திருக்கிறேன். 1994. குடியாத்தத்தில் கிளார்க்காக இருந்தேன். அப்பாவுக்கு ஆபரேஷன். சபையில் பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு பாட்டி வீட்டுக்கு வந்தார். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, நாலாக மடித்த பத்து ரூபாய் நோட்டுகள் நாலை என் கையில் வைத்தார். நோட்டில் புகையிலை வாசம். அப்போது அவர் ஆயிரம் பீடி சுற்றினால்தான் ஒரு நாள் கூலி. எனக்கு மனசு கேட்கவில்லை. "வேணாம் பாட்டி, எனக்குச் சம்பளம் வருது, நீங்களே வெச்சிக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தேன். பெரிய மனசோடு நடந்துகொண்டதாக நினைப்பு வேறு. அவர் நோட்டைப் பிரித்துப் பார்த்தார். "இன்னா தம்பி, என் துட்டு செல்லாதா?" என்று கேட்டார். அவ்வளவுதான், போய்விட்டார். அப்புறம் கோயிலில் எங்கள் பெஞ்சுப் பக்கம் உட்காரவே இல்லை.

நம் வடாற்காட்டுக் கிராமச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தன் கையிலிருந்து தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர் அந்தப் பாட்டி. கோயிலுக்குள்ளும் ஒருவன் அவர் கையிலிருந்து வாங்க மறுத்தால் அவருக்கு அது என்னவாகப் பட்டிருக்கும்?

"வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" என்ற வசனம் உங்களைக் குத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போஸ்தலர் 20இல் பவுல் அதை யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். எபேசு சபை மூப்பர்களிடம். சபையை நடத்துகிறவர்கள் பிறர் பொருளுக்கு ஆசைப்படாமல், உழைத்து, பலவீனரைத் தாங்க வேண்டும் என்று சொல்கிற இடம் அது. கால் முறிந்தவன் கை நீட்டக் கூடாது என்று அங்கே இல்லை. அதே பவுல் சிறையில் இருந்தபோது பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பியதை வாங்கிக்கொண்டார். பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தின் பின்பாதி அதற்கு ரசீது மாதிரிதான் இருக்கும். திருப்பித் தருகிறேன் என்று ஒரு வரி கிடையாது. உங்கள் கணக்குக்குப் பலன் பெருகட்டும் என்கிறார். கணக்கு என்ற அந்த வார்த்தை வங்கிக்காரனான எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வேலூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு வாங்குவதற்குக் கூச்சப்படுவதும் வேடிக்கைதான். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1902இல் 40 படுக்கையோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழும்பியது எப்படி? நியூயார்க்கில் ராபர்ட் ஷெல் என்ற வங்கிக்காரர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலர். ஐடா அம்மா அதை வாங்கிக்கொண்டார், திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றைக்கு நாம் சி.எம்.சி. ஆஸ்பத்திரி என்று சொல்வது அப்படி வாங்கின கையிலிருந்து வந்தது.

அதற்காக எல்லாவற்றையும் சபை தலையில் போடலாமா என்றால், அதுவும் இல்லை. கலாத்தியர் 6ஐத் திறங்கள். இரண்டாம் வசனம் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்கிறது. ஐந்தாம் வசனம் "அவனவன் தன் தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறது. தமிழில் இரண்டுக்கும் பாரம் என்றே போட்டிருப்பதால் முரண் மாதிரி தெரிகிறது. கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொல். முதலாவது ஆளை நசுக்குகிற சுமை, நெல் மூட்டை மாதிரி, இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்க முடியும். இரண்டாவது அவனவனுக்கு உரிய சுமை, நீங்கள் கம்பெனிக்கு எடுத்துப் போகிற சாப்பாட்டுப் பை மாதிரி. ஆபரேஷன் பில் நெல் மூட்டை. சீட்டு உங்கள் சாப்பாட்டுப் பை.

சீட்டு விஷயத்தில்தான் உங்களோடு கொஞ்சம் கடிந்து பேச வேண்டியிருக்கிறது. சீட்டு கட்டுகிறவன் உதவி வாங்கக் கூடாது என்று சட்டம் இல்லை. எல்லாவற்றையும் விற்றுத் தின்றுவிட்டுத்தான் சபை வாசலில் நிற்க வேண்டும் என்றால் ஒரு குடும்பமும் எழுந்திருக்காது. ஆனால் சம்பளம் நின்ற இரண்டு மாதமும் அந்த 5,000ஐ எதிலிருந்து கட்டப் போகிறீர்கள்? இந்த 23,000இலிருந்துதானே? காலுக்கென்று கொடுத்தது சீட்டுக்குப் போகும். அது எனக்கு ஒப்பவில்லை. அடுத்த ஏலத்திலேயே சீட்டை எடுத்துவிடுங்கள். மாதத் தவணையையும் கட்டின மாதத்தையும் பார்த்தால் 20 பேர், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். 13 மாதம் போன சீட்டில் தள்ளு, அதாவது ஏலத்தில் விட்டுக்கொடுக்கிற தொகை, பெரிதாகப் போகாது. கைக்கு 90,000 வந்தால், 30,000 கட்டி வளையலை மீட்டுவிடுங்கள். அடகுக்கடையில் இரண்டு வட்டி என்றால் மாதம் 600 ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம், எரிந்துகொண்டிருக்கிறது. பாக்கி 7 தவணைக்கு 35,000ஐ வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். மீதி 25,000 வீட்டுச் செலவுக்கு.

அதற்கு முன்னால் ஆயரிடம் போய், சீட்டு இருக்கிறது, இன்னின்ன மாதிரி செய்யப் போகிறேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு வாய் வழியாக அவர் காதுக்குப் போனால் அதே விஷயம் வேறு மாதிரி ஒலிக்கும்.

மீதி 23,000ஐ உங்கள் வீட்டம்மா சொல்வதுபோல் இன்றே திருப்பிக் கொடுக்க வேண்டாம். இ.எஸ்.ஐ. வருமா, எப்போது வரும் என்று தெரியாது. மறுபரிசோதனை, எக்ஸ்ரே, பிசியோதெரபி, ஆட்டோ எல்லாம் இருக்கிறது. அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆமாம், நோட்டு வேண்டும், ஆனால் அதில் பெயர் இருக்கக் கூடாது, தேதியும் செலவும் மட்டும். கால் ஊன்றி வேலைக்குப் போகிற மாதம் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதைச் சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியிடம் காட்டி, இது காலுக்கு என்று கொடுத்தது, மிஞ்சிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். வேறொரு வீட்டுக்கு அது போனால் சரியான இடத்துக்குத்தான் போகிறது. வைத்துக்கொள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் கழித்து உங்கள் கை நிமிர்ந்த பிறகு கொடுக்கத் தோன்றினால் ஏழையர் நிதியில் போடுங்கள். கொடுத்தவர்களின் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

தசமபாகம்: வேண்டாம். உபாகமம் 14இன் கடைசியில், மூன்றாம் வருஷத் தசமபாகம் ஆலயப் பணி செய்கிற லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் சாப்பிட என்றே ஒதுக்கியிருக்கிறது. உங்கள் கைக்கு வந்ததும் அப்படிப்பட்ட காணிக்கைதான், அதில் மறுபடி பத்தில் ஒன்று பிரிக்கத் தேவையில்லை. மனசு கேட்காவிட்டால் ஸ்தோத்திரக் காணிக்கையாக முடிந்ததைப் போடுங்கள். அந்த விதைப் பத்தாயிரம்? அடுத்தவர் காலுக்கென்று கொடுத்த பணத்தை விதையாகக் கேட்கிறவர் நல்ல விவசாயி இல்லை. போனை வைத்துவிடுங்கள்.

வருமான வரி பற்றியும் ஒரு வார்த்தை. உறவினர் அல்லாதவர்கள் ஒரு நிதியாண்டில் கொடுத்தது மொத்தம் 50,000ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானக் கணக்கில் சேரும். உங்களுக்கு ஜிபேயில் வந்தது 27,000தான். சபை பதிவுபெற்ற தரும அமைப்பின் கீழ் இருந்தால் அந்த 41,000 இதில் வராது. வந்தாலும் உங்கள் சம்பளத்துக்கு வரி விழாது. பயப்பட ஒன்றும் இல்லை.

இந்த வாரமே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள், நாள் தள்ளத் தள்ளக் கேள்வி அதிகமாகும். காப்பீட்டு எண், ஆதார், வங்கிப் பாஸ்புக், டிஸ்சார்ஜ் சீட்டு, பில்லின் அசல், போலீஸில் எழுதிக் கொடுத்திருந்தால் அதன் நகல். விபத்து அறிக்கை கம்பெனியிலிருந்து போக வேண்டும், அதற்கு முதல் நாளே ஹெச்.ஆரிடம் சொல்லி வையுங்கள். அன்றைய ஷிப்ட் நேரம் தெரிகிற மாதிரி வருகைப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் இல்லாமல் பணம் நகராது, ஆகவே ஆஸ்பத்திரிச் சீட்டுகளோடு முதலில் அவரைப் பாருங்கள். படிவம் நிரப்ப மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு போங்கள், கம்பைப் பிடித்துக்கொண்டு எழுத முடியாது.