கென்சருக்கு மருந்து செய்ய டொக்டராத்தான் இருக்கோணுமா அக்கா?

வணக்கம் அக்கா, நேற்று நீங்கள் மகளின்ர மேற்படிப்புக்கு வழி கேட்டு அவவோட வந்துட்டுப் போனாப் பிறகு எனக்கு மனசு ஆறவே இல்லை, அரை மணித்தியாலத்தில கதைச்சு முடிக்கிற விசயம் இல்லை இது, அதான் இருந்து எழுதுறன். ஆறுதலா வாசிச்சுப்போட்டு பிள்ளைக்கும் காட்டுங்கோ.

நீங்கள் திருப்பித் திருப்பிக் கேட்டது ஒண்டைத்தான், மெடிசினுக்கு இசட் ஸ்கோர், அதான் கம்பஸுக்கு எடுக்கப் பார்க்கிற ஏ.எல். புள்ளி, காணாது, சோதினையை ரெண்டாந்தரம் எழுத வைக்கட்டோ எண்டு. பிள்ளை அவ்வளவு நேரமும் வாயே திறக்கேல்லை. நீங்கள் போன் வந்து வெளிய போன உடன ரிசல்ட் தாளைத் திருப்பி பின்பக்கத்தில ரெண்டு சதுரம் கீறினா, நடுவில பிளாற்றினம், நாலு மூலையில ரெண்டு அமோனியா ரெண்டு குளோரின். ஒரு படத்தில குளோரின் ரெண்டும் பக்கத்துப் பக்கத்து மூலை, மற்றதில எதிரெதிர் மூலை. "மிஸ், இது அம்மம்மாவுக்கு ஏத்தின மருந்து, மற்றது ஒண்டுக்கும் உதவாது, எல்லாம் அதே அணுக்கள்தானே, ஏன்?" எண்டு கேட்டா.

அக்கா, ஏ.எல். கெமிஸ்ட்ரியில தாண்டல் மூலகங்கள், அதான் பிளாற்றினம் மாதிரி உலோகங்கள், பாடம் வந்தா முக்கால்வாசிப் பிள்ளையள் நிறத்தையும் பேரிடுற முறையையும் பாடமாக்கிப்போட்டு விட்டிடுவினம். அந்தப் பாடத்தைக் கொண்டுபோய் அம்மம்மாவின்ர கட்டிலோட சேர்த்துப் பார்க்கிற பிள்ளையை நான் அடிக்கடி காணுறதில்லை.

அவவுக்கு சொன்னதை உங்களுக்கும் சொல்லுறன். அம்மம்மாவுக்கு ஏத்தின, குளோரின் ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில இருக்கிற மருந்தின்ர பேர் சிஸ்பிளாட்டின். அது கலத்துக்குள்ள போய் டிஎன்ஏயைப் பிடிக்குது, டிஎன்ஏ இழையில குவானின் எண்டு ஒரு பகுதி இருக்கு, ஒரே இழையில அடுத்தடுத்து இருக்கிற ரெண்டு குவானினை ஒரே பிளாற்றினம் சேர்த்துப் பிடிச்சா அந்த இடம் வளைஞ்சு போகும், கலம் அதைப் பிரதி எடுக்க ஏலாமல் தடுமாறிச் சாகும். அப்படிப் பிடிக்க ரெண்டு கையும், அதான் குளோரின் இருந்த ரெண்டு மூலையும், ஒரே பக்கம் இருக்கோணும். எதிரெதிரா கை இருந்தா அந்தப் பிடி கிடைக்காது.

பிறகு அவ கேட்டதுதான் என்னை நிமிர்ந்து இருக்க வைச்சது. மஹரகம கென்சர் ஆஸ்பத்திரியில அம்மம்மாவோட வாரா வாரம் போய் இருந்தவவாமே, ரேடியேசனோட சேர்த்து மருந்து ஏத்தேக்க முதல்ல சேலைன் எண்ட உப்புத்தண்ணி, பிறகு சேலைனுக்குள்ளயே மருந்து, பிறகும் சேலைன். கிட்னியைக் காப்பாத்தத்தான் எண்டு நேர்ஸ் சொன்னவவாம். அது சரி, ஆனா மருந்தை ஏன் சேலைனில கலக்கினம், டெக்ஸ்ட்ரோஸ் எண்ட சீனித்தண்ணியில கலந்தா என்ன எண்டு இவவுக்கு ஒரே யோசினை. காரணம் உப்பில இருக்கிற குளோரைட்டு. சுத்திவரக் குளோரைட்டு இருக்கும்வரைக்கும் பிளாற்றினத்தில இருக்கிற குளோரின் கழண்டு போகாது. ரத்தத்தில லீற்றருக்கு கிட்டத்தட்ட 100 மில்லிமோல் இருக்கு, கலத்துக்குள்ள அது நல்லாக் குறைவு, அதால உள்ள போனாப் பிறகுதான் குளோரின் கழண்டு தண்ணி வந்து ஒட்டி மருந்து வேலை தொடங்குது. ஒக்சாலிபிளாட்டின் எண்டு அதின்ர தம்பி மாதிரி ஒரு மருந்து, பெருங்குடல் கென்சருக்கு குடுக்கிறது, அதைச் சேலைனில கலக்கவே கூடாது, டெக்ஸ்ட்ரோஸ்தான். ரெண்டும் பிளாற்றினம்தான், அதைச் சுத்திப் பிடிச்சிருக்கிற கூட்டம், லிகண்ட் எண்டு சொல்லுறது, வேற, அதால நேர்ஸின்ர கையில இருக்கிற போத்தலும் வேற. இதைச் சொல்லேக்க பிள்ளையின்ர முகத்தை நீங்கள் பார்த்திருக்கோணும் அக்கா.

இந்த மருந்து வந்த கதையும் டொக்டர்மாரில இருந்து தொடங்கேல்லை. சேர்வை 1840களிலயே செய்தாச்சு, நூறு வருசத்துக்கு மேல அது கென்சருக்கு உதவும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. 1960களில மிச்சிகனில பார்னெட் ரோசன்பேர்க் எண்டவர், பௌதிகம் படிச்சவர், பக்டீரியாவுக்கு கரண்ட் விட்டா என்ன நடக்கும் எண்டு பார்க்க பிளாற்றினக் கம்பியை வைச்சார். பக்டீரியா பிரியாமல் 300 மடங்கு வரைக்கும் நீண்டு போச்சு. அதுக்கு காரணம் கரண்ட் இல்லை, கம்பியில இருந்து கரைஞ்ச பிளாற்றினம் எண்டு தேடிக் கண்டுபிடிச்சு 1965இல வெளியிட்டவர். 1978இல அமெரிக்காவில மருந்தா அனுமதி கிடைச்சது, விதைப்பை கென்சர் வந்த எத்தனையோ இளம் ஆம்பிளையள் அதால உயிரோட இருக்கினம். கிட்னிக்கு கொஞ்சம் இதமா இருக்கோணும் எண்டு லிகண்டை மாத்திச் செய்தது காபோபிளாட்டின், அது 1989. இண்டைக்கு ருத்தேனியத்தில வெளிச்சம் பட்டா மட்டும் வேலை செய்யிற மருந்துகளை நோயாளியளிலயே சோதிக்கினம், லுட்டீசியம் 177 எண்ட கதிர்வீசுற உலோகம் ஏற்கனவே சிகிச்சையில இருக்கு. எந்த உலோகம், என்ன வடிவம், எவ்வளவு கெதியாக் கழரும் எண்டு தீர்மானிக்கிற வேலை அசேதன இரசாயனம் படிச்ச ஆளின்ர வேலை.

இனி வழி. உலோகத்தில மருந்து செய்யிற படிப்பு எண்டு தனிப் பேரில கோர்ஸ் தேடாதேங்கோ, கெமிஸ்ட்ரியை ஆழமாப் படிக்கிற டிகிரிதான் வாசல். கம்பஸுக்கு விண்ணப்பிக்கிற யூஜிசி படிவத்தில பயலொஜிக்கல் சயன்ஸை மேல போடச் சொல்லுங்கோ, கொழும்பு, ஜயவர்தனபுர, களனி, யாழ்ப்பாணம், எது கிடைச்சாலும் கெமிஸ்ட்ரியை ஒரு பாடமா எடுத்து முதல் ரெண்டு வருசமும் நல்ல ஜிபிஏ வைச்சு கெமிஸ்ட்ரியையே முக்கியமாப் படிக்கிற ஸ்பெசல் டிகிரிக்குள்ள போகோணும், அந்த ரெண்டு வருசத்தில விளையாட்டா விட்டா பிறகு கதவு திறக்கிறது கஷ்டம். கிடைக்காட்டி ராஜகிரியவில இன்ஸ்டிடியூட் ஒஃப் கெமிஸ்ட்ரி நடத்துற கெமிஸ்ட்ரிப் படிப்பு, காசு கட்டிப் படிக்கிற நாலு வருசம், அங்க முடிச்சு வெளிநாட்டில பிஎச்டி செய்த பிள்ளையள் நிறைய. பார்மசி டிகிரியும் நல்லது, ஆனா அது முக்கியமா மருந்தைச் சரியாக் குடுக்கிற படிப்பு, இவ கேக்கிறது மருந்தைச் செய்யிற படிப்பு.

மறைக்காமல் சொல்லுறன், பாதை நீளம். நாலு வருச டிகிரி, பிறகு பிஎச்டி அஞ்சு வருசம் கிட்ட, பிறகும் ரெண்டு மூண்டு வருசம் போஸ்ட்டொக், அதான் பிஎச்டி முடிச்ச ஆக்கள் செய்யிற ஆராய்ச்சி வேலை. ஆனா அமெரிக்காவில கெமிஸ்ட்ரி பிஎச்டிக்கு பொதுவா நாங்கள் காசு கட்டுறதில்லை, முதல் வருசப் பிள்ளையளுக்கு லேப் படிப்பிச்சா பீஸும் இல்லை, மாசாமாசம் செலவுக்கும் தருவினம், அதால வீட்டை அடகு வைக்கிற யோசினையை விடுங்கோ. இஞ்சயே நிண்டா விரிவுரையாளர், இரத்மலானை மருந்துத் தொழிற்சாலை மாதிரி இடங்களில தரக்கட்டுப்பாடு, ஹோமாகமவில ஸ்லின்டெக் எண்டு நனோ தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, ஆனா புதுக் கென்சர் மருந்து வடிவமைக்கிற வேலை எண்டு பேப்பரில விளம்பரம் வரும் எண்டு காத்திருக்கேலாது.

ரெண்டாந்தரம் எழுதுறது பற்றி. சில வருசத்துக்கு முன்னால ஒரு தாய்க்கு நானே எழுத வையுங்கோ எண்டு சொன்னனான், பிள்ளைக்கு விருப்பமா எண்டு கேக்கேல்லை. அந்தப் பிள்ளை ரியூசன் வகுப்பில பின்வாங்கில இருந்து அழுததை அவவின்ர சிநேகிதி பிறகுதான் சொன்னவ. அது இண்டைக்கும் எனக்குள்ள கிடக்கு. உங்கட மகளுக்கு கெமிஸ்ட்ரி ஏ, பயோ பி, பிசிக்ஸ் சி. மெடிசின் அவவின்ர ஆசை எண்டா எழுதட்டும், மூண்டு தரம் வரைக்கும் இருக்கு. உங்கட ஆசை எண்டா தயவுசெய்து வேண்டாம் அக்கா.

வாற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வெள்ளவத்தை ஒபிசுக்கு அவவைத் தனிய அனுப்பிவிடுங்கோ, யூஜிசி கைநூலையும் அந்தப் படம் கீறின தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கோ, தெரிவு வரிசையை அவவே பென்சிலால எழுதட்டும், படிவத்தைக் குடுக்க முதல் நீங்கள் பாருங்கோ.