உப்புக்காற்றில் பூட்ஸ் ஏன் காய்வதில்லை? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: வாலிநோக்கம் பகுதியில் உள்ள உப்பளம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பகல் முழுவதும் தோல் சேஃப்டி ஷூ அணிய வேண்டியிருக்கிறது. இரவு முழுவதும் ஃபேனுக்கு அடியில் வைத்தாலும் காலையில் உட்புறம் பிசுபிசுவென்றுதான் இருக்கிறது. நாற்றமோ திண்ணை வரை வருகிறது. கடைக்காரர் வாசனை ஸ்ப்ரேயும், இணையத்தில் விற்கும் மின்சார பூட்ஸ் உலர்த்தியும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் ஷூ காயாததற்குக் காரணம் காற்றுப் போதாமை அன்று. தோலிலும் உள்துணியிலும் ஊறிக் கிடக்கும் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானாகவே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்புச்சாடி கசிவதும் இதனால்தான். உப்பளத்தில் நிலைமை இன்னும் மோசம். உப்பு வாரியபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு மிகுந்திருக்கும். அது ஏறத்தாழ 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். நம் கடற்கரையில் நண்பகலில்கூடக் காற்று அவ்வளவு வறண்டு போவது அரிது. ஆகவே உப்பு உள்ளே இருக்கும் வரை, நீங்கள் காயவைப்பதற்காக ஓட்டும் ஃபேனே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருக்கும். நாக்குப் பகுதி மேல்தோலோடு சேரும் தையலில் வெள்ளைக் கோடு படிந்திருக்கிறதா, இன்சோலை உருவி எடுத்தால் அதன் விளிம்பில் பொருக்கு தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் முதல் வேலை கழுவுவதுதான்.

தோலை நாள்தோறும் நனைப்பது நல்லதன்று. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்துவிட்டு, வாரத்திற்கு ஒரு முறை, விடுமுறைக்கு முந்திய மாலையில், லேஸையும் இன்சோலையும் தனியே கழற்றி, ஷூவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் எண்ணிச் செலவழிக்கும் ஊர்கள் பல என்பதை அறிவேன். அதற்காக உவர்க்கிணற்று நீரிலோ, ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரிலோ அலசினால், வெளியேற்றிய உப்பை மீண்டும் ஊற்றியதாகவே ஆகும். அலுவலகத்திலோ அருகில் உள்ள கடையிலோ ஏ.சி. இருந்தால், அதன் குழாயிலிருந்து சொட்டும் நீரை வாளியில் பிடித்து வையுங்கள். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய நீராகையால் அதில் உப்பு அநேகமாக இராது. குடிக்கத்தான் ஆகாதே தவிர, கடைசி அலசலுக்கு அதைவிடத் தோதான தண்ணீர் இல்லை.

அலசிய பிறகு பழைய செய்தித்தாளைக் கசக்கி முன்விரல் பகுதி வரை திணியுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாள் நனைந்து கனத்துவிடும். அதை எடுத்துவிட்டுப் புதியதைத் திணிக்க வேண்டும். ஒரே தாளை விடிய விடிய விட்டுவைப்பது ஈரத்துணியை உள்ளே அடைத்து வைப்பதற்குச் சமம். பிறகு வாய்ப்பகுதி ஃபேனைப் பார்த்தபடி ஷூவைப் பக்கவாட்டில் சாய்த்து நிழலில் வையுங்கள். மாடியில் உச்சிவெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், சோலை ஒட்டிய பசையும் இளகிப்போகும். அடுப்பு மேடைக்கும் இதே விதிதான். தோல் நன்கு காய்ந்தபின் ஷூ கிரீமை மெல்லிதாகத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்க்கும் வழக்கம் தோலைத் தொளதொளவென்று ஆக்கி, நாளடைவில் சிக்கு வாடையையும் சேர்த்துவிடும்.

இனி நாற்றத்தைப் பற்றி. வியர்வைக்கு இயல்பாகப் பெரிய வாடை கிடையாது. ஈரத்தில் பெருகும் பாக்டீரியாக்கள் வியர்வையில் உள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவலேரிக் அமிலமாக மாற்றும்போதுதான் அந்தப் புளித்த நெடி எழுகிறது. வாசனை ஸ்ப்ரே அந்தக் கிருமிகளை ஒன்றும் செய்யாமல், நாற்றத்தின் மேல் மல்லிகை மணத்தை ஏற்றுகிறது. இரண்டும் கலந்த வாடை எப்படி இருக்கும் என்பதை உங்கள் வீட்டாரே சொல்லுவார்கள். சமையல் சோடாவைத் தூவச் சொல்லுவோரும் உண்டு. கேன்வாஸ் ஷூவுக்கு அது சரி. தோல் ஷூவுக்கு வேண்டாம், ஏனெனில் பதப்படுத்திய தோல் அமிலத்தன்மை உடையது, காரப் பொருள் அதை வறளச் செய்யும். பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் இரண்டாவது ஜோடி ஷூ வாங்குங்கள். ஒன்று விட்டு ஒரு நாள் அணியும்போது ஒவ்வொன்றுக்கும் முழுதாக ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். எந்த ஸ்ப்ரேயும் அந்தப் பயனைத் தராது.

உங்கள் பாதத்தின் அடியில் சிறு சிறு குழிகள் அரித்ததுபோல் தெரிந்தால் அது ஷூவின் கோளாறு மட்டும் அன்று. பாக்டீரியாவால் வரும் தோல்நோய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் களிம்பிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும்.

மின்சார உலர்த்தி பயனற்றது என்று சொல்லமாட்டேன். இளஞ்சூடான காற்றை மெதுவாக உள்ளே செலுத்துவதே அதன் வேலை. உப்பை அலசிய ஷூவுக்கு, ஐப்பசி கார்த்திகை அடைமழையில், அது உதவும். மற்ற மாதங்களில் அது செய்வதை ஃபேனே செய்துவிடும். வாடை போக ஷூவுக்குள் வைக்கச் சொல்லி விற்கும் கரிப்பைகளைப் பற்றியும் ஒரு சொல். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் சீமைக்கருவேல் மூட்டத்தில் எடுக்கும் கரி நம் மாவட்டத்தின் சரக்கு. கடைப் பைகளில் உள்ள செறிவூட்டிய கரியின் திறன் அதற்கு இல்லையென்றாலும், பழைய பருத்தித் துணியில் இரண்டு கைப்பிடி முடிந்து, காய்ந்த ஷூவுக்குள் வைத்தால் வாடையை ஓரளவு வாங்கிக்கொள்ளும். ஈர ஷூவுக்குள் வைத்தால் கறை மட்டுமே மிஞ்சும்.

கேள்வி: மண்டபம் மீன் இறங்குதளத்தில் ஐஸ் உடைக்கும் வேலை. கம்பூட்ஸில் வெளித்தண்ணீர் புகுவதில்லை, ஆனாலும் மாலையில் கழற்றினால் சாக்ஸைப் பிழியலாம் போலிருக்கிறது. ஓட்டை இருக்குமா?

பதில்: ஓட்டை இருக்க வாய்ப்புக் குறைவு. பூட்ஸுக்குள் ஒரு குவளை தண்ணீர் ஊற்றித் துடைத்த சிமெண்டுத் தரையில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வெளியே கசியவில்லை என்றால் அது உங்கள் வியர்வையே, பி.வி.சி.யும் ரப்பரும் நீரை உள்ளே விடாததுபோலவே வெளியேயும் விடுவதில்லை. உணவு இடைவேளையில் பூட்ஸைக் கழற்றி, மாற்றுச் சாக்ஸ் அணிவதே இதற்கு வழி. பருத்திச் சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விளையாட்டுக்காரர்கள் அணியும் செயற்கை இழைச் சாக்ஸ் விரைவில் காயும். வீடு திரும்பியதும் சோப்பு நீரில் உட்புறத்தைக் கழுவி, தரையில் நட்ட இரண்டு கம்புகளின் மேல் தலைகீழாக மாட்டுங்கள். உள்ளே துணி ஒட்டாத பூட்ஸாகப் பார்த்து வாங்கினால் கழுவுவதும் காய்வதும் எளிது. மீன் செதிளும் கோழையும் உள்ளே போயிருந்தால் எந்தப் பவுடரும் அந்த வாடையை அடக்காது.

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன், தோப்பு வேலைக்குப் பூட்ஸ் தேவை. அமெரிக்காவிலிருந்து வரும் மைத்துனர், நீர்புகாத வேட்டை பூட்ஸும் அதற்கான உலர்த்தியும் வாங்கி வருவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: அன்போடு மறுத்துவிடுங்கள். அவை குளிர்நாட்டுக் காட்டுக்காகச் செய்யப்பட்டவை. தின்சுலேட் 400, 800 என்று கிராமில் குறித்திருந்தால் அது குளிர்தாங்கும் பஞ்சின் அளவு. அதை இங்கே அணிந்தால் கால் அவிந்துபோகும். நீர் புகாமலிருக்க உள்ளே வைத்துத் தைக்கும் கோர்டெக்ஸ் போன்ற சவ்வு வியர்வை ஆவியை வெளியே விடும் என்பது உண்மையே. ஆனால் உள்ளே உள்ள ஆவியழுத்தம் வெளியே இருப்பதைவிட நன்கு மிகுந்திருந்தால்தான் ஆவி வெளியேறும். வெக்கையும் ஈரமும் மிகுந்த நம் காற்றில் அந்த வேறுபாடு சிறியது. உலர்த்தி இன்னும் வீண்செலவு. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அதற்கென்றே செய்த கருவியை இங்கே 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும்.

தோப்பில் உங்கள் உண்மையான எதிரி கருவேல முள். பாதுகாப்புக் காலணிக்கான இந்தியத் தரமாகிய ஐ.எஸ். 15298 குறியுடன், எஸ்1பி அல்லது எஸ்3 என்று குறித்த ஷூவில் சோலைத் துளைத்து முள்ளோ ஆணியோ ஏறாதபடி இடைத்தகடு இருக்கும். எஸ்3 ஆக இருந்தால் மேல்தோலும் சிறிது நேரம் நீரைத் தாங்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த புது ஷூவின் சோல், முதல் நாளே தூள்தூளாக உதிர்ந்தது. கடைக்காரர் கைவிரிக்கிறார்.

பதில்: அது பாலியூரித்தேன் சோலாக இருக்கும். வெப்பமும் ஈரமும் அந்தப் பொருளை அணியாமலே சிதைக்கும்; பெட்டிக்குள் பூட்டி வைப்பது அதற்குப் பாதுகாப்பு அன்று. எனவே வாங்கும்போதே தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். பல ஆண்டுகள் கடையில் கிடந்த சரக்கைத் தள்ளுபடி விலைக்குக்கூட வாங்காதீர்கள். நீங்கள் வாங்கும்போதே அது பழைய சரக்காக இருந்ததா என்பதில்தான் உங்கள் வழக்கின் பலம் இருக்கிறது. பெட்டியின் விலைச்சீட்டையும் ரசீதையும் உதிர்ந்த சோலையும் படம் எடுத்துக்கொண்டு, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தீரவில்லையெனில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை.