கம்ப்யூட்டர் சயின்ஸில் மட்டும் ஏன் இப்படி ஆனது?

ரிசல்ட் வந்த அன்று மாலையிலிருந்து நாலைந்து நாளைக்கு எனக்கு வரும் அழைப்புகளில் ஒரு வகை எப்போதும் இருக்கும். "மத்த பாடமெல்லாம் நாங்க நினைச்ச மாதிரிதான் வந்திருக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ்லதான் இப்படி ஆயிடுச்சு, அதுதான் அவளுக்கு ரொம்பப் பிடிச்ச பாடம்." அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா போனை வாங்கி, பேப்பர் திருத்தியதில்தான் கோளாறு என்பார், அம்மா பின்னாலிருந்து, இல்லை, இந்தத் துறையே இவளுக்கு வேண்டாமோ என்று தோன்றுகிறது என்பார். இதற்கு நடுவில் அதே வகுப்பில் படிக்கும் மற்ற பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசியிருப்பார்கள், அங்கே ஒருவர் டீச்சர் சரியில்லை என்றிருப்பார், இன்னொருவர் கேள்வித்தாளே சிலபஸுக்கு வெளியே என்றிருப்பார். பிள்ளை பக்கத்து அறையில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்.

நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது ஒன்றுதான்: மார்க் எந்தக் கேள்வியில் போனது என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். அது தெரியாமல் திருத்தியவரைக் குறை சொல்வதும் சரியில்லை, பிள்ளையின் திறமையைச் சந்தேகிப்பதும் சரியில்லை, கோர்ஸை மாற்றுவது பற்றி இப்போது பேசவே வேண்டாம்.

இந்த வாரம் அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்பது. அதற்கான கால அவகாசம் பெரும்பாலான வாரியங்களில் குறைவு, சில நாட்களில் முடிந்துவிடலாம், அந்த நாட்களைத்தான் நாம் வாக்குவாதத்தில் கழித்துவிடுகிறோம். நகல் கையில் வந்தபின் கூட்டலில் தவறு என்றால் மறுகூட்டல், திருத்தியதில் தவறு என்று பாட ஆசிரியரும் சொன்னால் மறுமதிப்பீடு. நகலைப் பார்க்காமல் நேராக மறுமதிப்பீட்டுக்குப் போகலாம் என்று சில இடங்களில் விதி இருக்கும், ஆனாலும் நான் அதைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் மார்க் கூடுவதைப் போலவே குறையவும் கூடும். சி.பி.எஸ்.இ.யிலும் அப்படித்தான், இங்கிலாந்தின் தேர்வுகளிலும் அப்படித்தான்.

அப்புறம் மதிப்பெண் பட்டியலில் எழுத்துத் தேர்வு எவ்வளவு, செய்முறை எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். உதாரணமாக சி.பி.எஸ்.இ. 12ஆம் வகுப்பு கணினி அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. அந்த 70இல் புரோகிராமிங் பகுதிக்கு மட்டும் 40, டேட்டாபேஸுக்கு 20, நெட்வொர்க்குக்கு 10. செய்முறையில் 29 வாங்கி எழுத்தில் 38 வாங்கிய பிள்ளையின் கதை வேறு, இரண்டிலுமே சுமாராக வாங்கிய பிள்ளையின் கதை வேறு. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

முதல் வகைதான் எனக்கு அதிகம் வருகிறது. லேபில் கெட்டிக்காரி, வீட்டில் சின்னச் சின்ன கேம் எல்லாம் செய்து காட்டுவாள், பரீட்சையில் குறைந்துவிட்டது. இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற பாடங்களில் இந்தச் சிக்கல் இவ்வளவு கிடையாது. கணிதத்தைப் பிள்ளைகள் வருடம் முழுக்கக் காகிதத்தில்தான் போட்டுப் பழகுகிறார்கள், பரீட்சையும் காகிதத்தில். கோடிங்கைக் கணினியில் பழகுகிறார்கள், அங்கே ஒரு பிராக்கெட் விட்டுப்போனால் கணினியே காட்டிக்கொடுக்கிறது, அவுட்புட் தப்பாக வந்தால் ஒரு எண்ணை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம், நாலாவது தடவை சரியாகிவிடும். பரீட்சையில் அந்த நாலாவது தடவை கிடையாது. பைதான் என்ற புரோகிராமிங் மொழியில், எதிலிருந்து எது வரை என்று சொல்லும் ரேஞ்சுக்குள் 1, 5 என்று கொடுத்தால், லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, 1, 2, 3, 4 என்று நான்கு முறைதான் ஓடும், ஐந்தைத் தொடாது. இது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் கணினி உதவியில்லாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பத்து வரி கோடைக் கையால் ஓட்டும்போது அங்கேதான் தவறுகிறார்கள். வரிசையாக மதிப்புகளை வைக்கும் லிஸ்டில் முதல் இடம் 0 என்பதை மறப்பது, ஒப்பிடும் இடத்தில் இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்று போடுவது, லூப்புக்கு உள்ளே இருக்க வேண்டிய வரியை வெளியே எழுதுவது, எல்லாம் இதே ரகம்.

"கணினிப் பாடத்துக்கு எதற்கு சார் பேனாவும் பேப்பரும்?" என்று கேட்கும் அப்பாக்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏ.பி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ தேர்வு 2025 முதல் முழுக்கக் கணினியிலேயே நடக்கிறது, ஆனால் அங்கேயும் எழுதிய ஜாவா கோடை ஓட்டிப் பார்க்க முடியாது, தட்டச்சு மட்டும்தான். ஓட்டிப் பார்க்காமலே இந்த வரி என்ன செய்யும் என்று மனதில் காணும் திறனைத்தான் தேர்வு சோதிக்கிறது, அது தேவையில்லாத திறன் என்று நான் நினைக்கவில்லை. இன்று வரைபடங்களில் வழி தேடும் முறைகளுக்கு அடிப்படையான குறுகிய பாதை அல்காரிதத்தை, அதாவது படிப்படியான தீர்வு முறையை, கணினி விஞ்ஞானி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, காகிதமும் பென்சிலும் இல்லாமல், சுமார் 20 நிமிடத்தில் யோசித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நம் பிள்ளைகள் டைக்ஸ்ட்ரா ஆக வேண்டியதில்லை, ஆனால் கணினிக்கு முன்னால் உட்காரும் முன்பே யோசிக்கும் பழக்கம் இந்தத் துறையின் உயிர்நாடி.

இரண்டாவது பெரிய ஓட்டை தியரி. கோடிங் தெரிந்த பிள்ளைகள் தியரியைக் கதை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நெட்வொர்க் பற்றிய கேள்விக்கு "இது வேகமானது, எளிதானது" என்று எழுதிவிட்டு வருவார்கள். எதனால் வேகம், எதைவிட வேகம் என்று எழுதாவிட்டால் மார்க் கிடையாது. வரையறு, விளக்கு, ஒப்பிடு என்ற மூன்று சொற்களுக்கும் மூன்று விதமாகப் பதில் எழுத வேண்டும், ஒப்பிடு என்றால் இரண்டு பக்கமும் வர வேண்டும். விடைத்தாள் நகலில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம், பதில் சரியாக இருப்பது போலவே தெரியும், ஆனால் ஒவ்வொன்றிலும் அரை மார்க், ஒரு மார்க் போயிருக்கும். இது நல்ல செய்திதான், இரண்டு மாதப் பயிற்சியில் சரிசெய்துவிடலாம்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் சில வீடுகளில் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். ப்ராஜெக்ட் கோடை இணையத்திலிருந்தோ, ஏஐ கருவியிடமிருந்தோ வாங்கிக் கொடுத்துவிட்டு, அதைப் படித்தபோது புரிந்ததால் தனக்குத் தெரியும் என்று பிள்ளை உண்மையிலேயே நம்பியிருக்கும். ஏமாற்றும் எண்ணம் இருக்காது. படித்தால் புரிவதற்கும் வெறும் தாளில் தொடங்கி எழுதுவதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது என்பது பரீட்சை அறையில்தான் தெரிய வருகிறது. செய்முறை மார்க் உச்சத்திலும் எழுத்துத் தேர்வின் புரோகிராமிங் பகுதி அடிமட்டத்திலும் இருந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள், திட்டாமல் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? உங்களுக்குக் கோடிங் தெரிய வேண்டியதில்லை. கோபதாபமெல்லாம் அடங்கிய ஒரு நாளில், பிள்ளை சம்மதித்தால், ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஒரு லிஸ்டில் இருக்கும் எண்களில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதச் சொல்லுங்கள், 20 நிமிடம் போதும், போனும் கணினியும் வேண்டாம். எழுதி முடித்ததும் 4, 9, 6 என்ற எண்களைக் கொடுத்து, ஒவ்வொரு வரியிலும் எந்த வேரியபிளில் (மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயரில்) என்ன இருக்கிறது என்று பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். அதன்பின் 7, 7, 3 கொடுங்கள். கடைசியாக, தாளில் இருப்பதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் கணினியில் தட்டச்சு செய்து ஓட்டட்டும்.

தொடங்கவே முடியவில்லை, பேனா நகரவில்லை என்றால் அடிப்படையில் இடைவெளி இருக்கிறது, லூப்பும் கண்டிஷனும் (நிபந்தனையும்) மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். யோசனை சரி, ஓட்டினால் பிராக்கெட், கோலன் என்று பிழை வருகிறது என்றால் காகிதப் பழக்கம் மட்டும்தான் குறை, தினமும் ஒரு புரோகிராமைக் கையால் எழுதிப் பிறகு ஓட்டினால் போதும். 4, 9, 6க்கு 6 என்று சரியாக வந்து, 7, 7, 3 கொடுக்கும்போது, "இதுல ரெண்டாவது பெரிசு 7ஆ, 3ஆ? நீங்க எதைக் கேக்கறீங்க?" என்று பிள்ளை திருப்பிக் கேட்டால், மார்க் பட்டியலில் என்ன இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. கேள்வியிலேயே தெளிவில்லை என்று கண்டுபிடிப்பவர்கள்தான் இந்த வேலைக்கு வேண்டியவர்கள். ஒரு முறை 41 மார்க் வாங்கிய ஒரு மாணவி என்னிடம் இதைத்தான் கேட்டாள். அவளுடைய அப்பா அப்போது வேறு கோர்ஸுக்கு விண்ணப்பப் படிவத்தோடு வந்திருந்தார்.

வகுப்பில் எல்லோருக்குமே குறைந்திருக்கிறது என்றால் அது வேறு விஷயம். அப்போது பள்ளியிடம் கேட்பது நியாயம், பெற்றோர் ஒன்றாகப் போய், சண்டையாக இல்லாமல், எந்தப் பகுதியில் எல்லோருக்கும் மார்க் போயிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு பாடப்பகுதி நடத்தப்படாமலே போயிருக்கலாம். தேர்வு அமைப்பே கடுமையாக இருப்பதும் உண்டு. இங்கிலாந்தில் சுமார் 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் கணினி அறிவியலின் தர நிர்ணயம் சில ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கடுமையாகிவிட்டது என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவாலே ஆராய்ந்து கண்டது, 2024 கோடைத் தேர்வில் அதைச் சரிசெய்யும்படி வாரியங்களிடம் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் திட்டு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, அம்மாக்களின் கேள்விக்கு வருகிறேன். இந்த மார்க்கோடு கம்ப்யூட்டர் துறைக்குப் போகலாமா? துறையின் வாசல்களைப் பாருங்கள். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. தேர்வில் கணிதம், இயற்பியல், வேதியியல்தான், கணினி அறிவியல் என்ற பாடமே கிடையாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் 200 கட் ஆஃப், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று போடப்படுவது. ஆக்ஸ்ஃபோர்டில் கணினி அறிவியல் படிக்க, பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் கணிதம் கட்டாயம், கணினி அறிவியல் கட்டாயமில்லை. பள்ளியில் இந்தப் பாடமே இல்லாமல் வருபவர்களையும் சேர்த்துக்கொண்டு முதலிலிருந்து கற்றுக்கொடுக்கும்படிதான் பல பட்டப்படிப்புகள் அமைந்திருக்கின்றன. அதனால் கம்ப்யூட்டரில் குறைந்து கணிதத்தில் நன்றாக வாங்கியிருக்கும் பிள்ளையைப் பற்றி நான் பயப்பட மாட்டேன். கணிதத்தில் தடுமாறுகிற பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் 98 வந்திருந்தால், அந்த வீட்டில்தான் நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவேன், அவர்கள் யாரும் எனக்கு போன் செய்வதில்லை.

இந்த மார்க் உண்மையாகவே பாதிக்கும் இடங்களும் உண்டு, மறைக்கக் கூடாது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கைக்கு ரேங்க் மட்டும் போதாது, பொதுப்பிரிவினருக்கு 12ஆம் வகுப்பில் 75 சதவீதம் வேண்டும், அல்லது அந்த வாரியத்தில் முதல் 20 பர்சன்டைலுக்குள், அதாவது அதிக மார்க் வாங்கிய முதல் 20 சதவீதத்தினரில், வர வேண்டும், அந்தக் கணக்கில் ஐந்தாவது பாடமாகக் கம்ப்யூட்டரும் சேரும். மொத்த மார்க்கைப் பார்த்துச் சேர்க்கும் கலை அறிவியல் கல்லூரிகளிலும் ஒவ்வொரு மார்க்கும் எண்ணப்படும். பள்ளிக்குள்ளேயே அடுத்த நிலையில் இந்தப் பாடத்தை எடுக்கக் குறைந்தபட்ச மார்க் கேட்பார்கள், அங்கே விடைத்தாள் நகலோடு ஆசிரியரைப் பார்த்துப் பேசினால் சில நேரம் வழி பிறக்கும். உங்கள் விஷயம் இவற்றில் ஒன்று என்றால் மறுமதிப்பீடு, மறுதேர்வு இரண்டையும் இப்போதே யோசியுங்கள்.

பிள்ளையிடம் பேசும்போது "ஏன் குறைந்தது" என்று தொடங்க வேண்டாம், அதற்குப் பிள்ளைக்கே பதில் தெரியாது. "எந்தக் கேள்வி எழுதும்போது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள், பதில் வரும். உண்மையாகவே பிடிக்கவில்லை, நீங்கள் சொன்னீர்கள் என்று எடுத்தேன் என்று பிள்ளை சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், அன்றைக்கே முடிவெடுக்காமல்.

என்னிடம் வர நினைப்பவர்கள் மதிப்பெண் பட்டியலோடு விடைத்தாள் நகலையும், 7, 7, 3 போட்டுப் பார்த்த அந்த வெள்ளைத்தாளையும் எடுத்து வாருங்கள். அடித்துத் திருத்தியது அப்படியே இருக்கட்டும், நல்ல தாளில் மாற்றி எழுத வேண்டாம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், முதல் அரைமணி நேரம் அவர்களிடம் மட்டும் பேசுகிறேன்.