கல்லணை முதல் பூம்புகார் வரை: முன்னோர் எவ்வளவு தெரிந்தவர்கள்? (கேள்வி பதில்)

நாம் நினைப்பதைவிட நம் முன்னோர் முன்னேறியிருந்தார்களா என்று கேட்டால் என் பதில் ஆமாம். ஆனால் வாட்ஸப்பில் சுற்றும் காரணங்களுக்காக அல்ல. பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கல்வெட்டு படிப்பதுதான் இப்போது என் வேலை. டெல்டாக்காரர்கள் கேட்ட கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவர்: பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே சார்?

விழும் தம்பி. காலை எட்டு மணிக்கு விமானத்துக்குப் பின்னால் மேற்குப் பிராகாரத்தில் போய் நில்லுங்கள். அந்த நிழலில்தான் நிற்பீர்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: சரி, உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்கிறார்களே? அதை எப்படி ஏற்றினார்கள்? இன்றைக்கும் கிரேனால் முடியாதாமே?

உச்சியில் உள்ள சிகரம் ஒரே கல் அல்ல. பல துண்டுகளைச் செதுக்கிப் பொருத்தியது. சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்பது ஊரில் வழிவழியாக வரும் பேச்சு. சாய்தளம் போட்டு ஏற்றியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அதைப் பற்றிக் கோயில் கல்வெட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஒற்றைக் கல் இல்லை என்றால் பெருமை குறைந்துவிடுமா என்ன? தஞ்சாவூரைச் சுற்றி மலையே இல்லை. இவ்வளவு கருங்கல்லும் வெளியூரிலிருந்து வந்து இறங்கியிருக்கிறது. 200 அடிக்கு மேல் உயரம். உள்ளே கூடு போல வெறுமையாக விட்டு, இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் சுற்றி வர நடைவழி வைத்து, அந்தச் சுவரில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். எல்லாம் ஏழெட்டு வருஷத்துக்குள், 1010-ல் முடிந்துவிட்டது. கட்டியவர் வேற்றுக்கிரகவாசியும் அல்ல, பெயர் தெரியாதவரும் அல்ல. வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று கல்லிலேயே இருக்கிறது. அவருக்குக் கீழே வேலை பார்த்த இரண்டு பெருந்தச்சர்கள் பெயரும் இருக்கிறது, அரசனுக்குச் சவரம் செய்தவரின் பெயரும் இருக்கிறது. வேற்றுக்கிரகக் கதையைப் பரப்புகிறவர்கள் இந்த மனிதர்களின் கூலியைப் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

திருவையாறு, விவசாயி: கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்பதற்கு ஆதாரம் உண்டா ஐயா? மணலில் எப்படி அணை நின்றது?

"நான் கட்டினேன்" என்று அணையில் கரிகாலன் கல்வெட்டு எதுவும் இல்லை. பிற்காலச் செப்பேடுகள் அவனைக் காவிரிக்குக் கரை கண்டவனாகப் புகழ்கின்றன. ஆந்திரப் பக்கத்துத் தெலுங்குச் சோழர்களின் மாலேபாடு செப்பேட்டிலும் ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் அந்தச் சேதி வருகிறது. அவை சொல்வது கரையைத்தான், அணையை அல்ல. இருந்தாலும் ஆற்றுக்குக் கரை போட்டவனுக்கு அந்த இடத்தில் அணை போடாமல் வேறு வழி கிடையாது. ஏனென்று சொல்கிறேன்.

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றி வந்து, கல்லணைக்கிட்டே மறுபடி நெருங்குகின்றன. கொள்ளிடம் தாழ்வானது, கடலுக்குக் குறுக்கு வழியாக ஓடுவது. சும்மா விட்டால் தண்ணீர் பள்ளம் பார்த்துக் கொள்ளிடத்துக்குள் இறங்கிவிடும். நம் வாய்க்கால்கள் எல்லாம் தொங்குவது காவிரியிலும் வெண்ணாற்றிலும். அந்த ஓட்டையை அடைக்க வேண்டும், ஆனால் முழுசாக அடைத்தால் வெள்ளக்காலத்தில் தஞ்சாவூர் மூழ்கும். ஆகவே தேவையான தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பி, மிஞ்சின வெள்ளம் தலைக்கு மேலே வழிந்து கொள்ளிடம் போகிற மாதிரி ஒரு தடுப்பு வேண்டும். கல்லணை அதுதான். மேட்டூர் மாதிரி தேக்கி வைக்கிற அணை அல்ல.

பழைய அணை சுமார் 1,080 அடி நீளம், நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து போகிறது. அடியில் பாறை கிடையாது, எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். பெரிய கற்களை மணலில் போட்டார்கள். தண்ணீர் அடியை அரிக்க, கல் இறங்கியது. அதன்மேல் இன்னொன்று போட்டார்கள். இனி இறங்காது என்கிற நிலை வரும்வரை போட்டுக்கொண்டே இருந்து, இடையில் களிமண்ணை வைத்துக் கட்டினார்கள். ஆறு தன் வேகத்தாலேயே அஸ்திவாரம் போட்டுக்கொடுத்தது.

1830-களில் முக்கொம்பு மேலணையும் அணைக்கரைக் கீழணையும் கட்டிய ஆர்தர் காட்டன் இதை உட்கார்ந்து படித்தவர். ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த நாட்டுக்காரர்களிடம்தான் கற்றோம் என்று பிற்காலத்தில் எழுதினார். 1847-ல் கோதாவரியில் தவளேசுவரம் அணையைத் தொடங்கியபோது அவர் கையில் இருந்தது காவிரியில் படித்த பாடம். உலகம் பொதுவாக நம்புவதைவிட முன்னேறியிருந்தார்களா என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஒரு பேரரசின் பொறியாளர் தானே எழுதிக் கொடுத்த சாட்சி.

லால்குடி வாசகர்: அதனால்தான் 2018-ல் வெள்ளைக்காரன் கட்டிய முக்கொம்பு மதகு உடைந்தது, கரிகாலன் அணை நிற்கிறது, சரிதானே?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பக்கம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துப் போனது உண்மை. ஆனால் கல்லணையில் இன்று நீங்கள் பஸ்ஸில் கடக்கும் பாலமும் மதகுகளும் 19-ஆம் நூற்றாண்டில் வந்தவை. 1800-களின் தொடக்கத்திலேயே அணையை உயர்த்தினார்கள், காவிரி, வெண்ணாறு தலைப்புகளுக்கு ரெகுலேட்டர் வந்தது 1880-களின் கடைசியில், கல்லணைக் கால்வாய் 1934-ல். பழைய உடம்பு உள்ளே இருக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை ஆள் வைத்துப் பழுது பார்த்ததால்தான் நிற்கிறது. வெட்டி, அமஞ்சி என்று சோழர் கல்வெட்டுகளில் வருவது இந்த மாதிரி ஊர் வேலைதான். குடிமராமத்து என்று நம் தாத்தாக்கள் சொன்னதும் அதன் தொடர்ச்சி. பராமரிப்பையும் தொழில்நுட்பமாக எண்ணிப் பாருங்கள், கரிகாலனோடு சேர்த்துக் கும்பிட வேண்டியவர்கள் எத்தனையோ பேர் வருவார்கள்.

மன்னார்குடி, கணக்காளர்: சோழர்கள் வேலியில் ஐந்தாயிரம் கோடியில் ஒரு பங்குவரை நிலம் அளந்தார்கள் என்று படித்தேன். நம்பலாமா?

எண் உண்மை. 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் "அளந்தார்கள்" என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

வேலி என்பது பழைய நில அளவு. ஒரு வேலி 20 மா. 80 காணி ஒரு வேலி. 320 முந்திரி ஒரு வேலி. முந்திரிக்குக் கீழே போக "கீழ்" என்று சேர்ப்பார்கள், ஒவ்வொரு கீழுக்கும் மறுபடி 320-ல் ஒன்று. கீழ்முந்திரி என்றாலே லட்சத்துக்கு மேல் பங்கு போட்டாயிற்று. இப்படி மூன்று கீழ் இறங்கி, அதிலும் ஐந்தில் ஒன்று எடுத்தால் மேலே சொன்ன எண் வரும். இன்றைய வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதை 5,242 கோடியால் வகுத்தால் கிடைப்பது சதுர மில்லிமீட்டரில் பாதி. எந்தக் கோலும் கயிறும் வயலில் அதை அளக்காது, வரப்பில் ஒரு நண்டு வளை போட்டாலே கணக்கு மாறிவிடும்.

ஆக இது அளவையின் நுட்பம் அல்ல, கணக்கின் நுட்பம். ஊரின் மொத்த நிலத்தில் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரியில்லாததைக் கழித்து, மிச்சத்தைக் கூட்டி, வகுத்து வரும்போது வருகிற கடைசிப் பின்னத்தைக்கூட ஒருவர் "சில்லறைதானே" என்று தள்ளவில்லை. கால்குலேட்டர் இல்லாமல், பூஜ்யம் போட்டு எழுதாமல், வாய்ப்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு செய்தது. கணக்காளர் நீங்கள், இதன் அருமை உங்களுக்குத் தெரியும்.

பெரிய கோயில் கல்வெட்டில் உள்ள நகைக் கணக்கும் இப்படித்தான். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்று ஒரு எடைக்கல், ரத்தினங்களுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று இன்னொன்று. ஒரு மாலையில் முத்து எத்தனை, அதில் உருண்டை எத்தனை, சப்பை எத்தனை, கல்லில் புள்ளி உண்டா, கீறல் உண்டா, எடை சரடோடு சேர்த்தா, சரடு நீக்கியா, உள்ளே வைத்த அரக்கு எடையில் சேர்ந்ததா, எல்லாம் எழுதியிருக்கிறது. கோயிலில் ஆடிப்பாட வந்த தளிச்சேரிப் பெண்கள் 400 பேருக்கும் எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்று விலாசம் உண்டு. ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தால் அடுத்த உறவுக்காரர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும், தகுதி இல்லையென்றால் தகுதியானவரை வைக்க வேண்டும் என்ற ஏற்பாடுவரை உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆபீஸ் பதிவேட்டை நாம் சுவரில் தடவிப் பார்க்க முடிகிறது. நிழல் கதைகளைக் கேட்டுவிட்டு இதைப் பார்க்காமல் திரும்பிப் போகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

சிதம்பரம், இல்லத்தரசி: பஞ்சபூதத் தலங்கள் எல்லாம் ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றனவாம். சிதம்பரம் பூமியின் காந்த மையமாம். உண்மையா ஐயா?

அம்மா, ஜம்புகேசுவரர் இருக்கும் திருவானைக்காவல் திருச்சியில் இருக்கிறது. அங்கிருந்து உங்கள் ஊருக்கு வர, வடக்கே வருவதைவிடக் கிழக்கேதான் அதிகம் வர வேண்டும். தீர்க்கரேகையில் ஏறத்தாழ ஒரு பாகை வித்தியாசம், 100 கிலோமீட்டருக்கு மேல். ஒரே கோடு எப்படி ஆகும்? காளத்தி, காஞ்சி, சிதம்பரம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வருவது நிஜம். திருவண்ணாமலை அதற்கு மேற்கே தள்ளிப்போகிறது.

காந்த நடுக்கோடு சிதம்பரத்துக்கு வெகு தெற்கே போகிறது. அதனால்தான் 1963-ல் ராக்கெட் விட திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். நடராஜர் முன்னால் கண்ணீர் வர நிற்பதற்கு இந்தக் காந்தம் எதுவும் தேவையில்லை.

சீர்காழி, மீன்பிடித் தொழில் செய்பவர்: பூம்புகார் கடலுக்குள் 11,000 வருஷத்துக்கு முந்தைய நகரம் இருக்கிறதாமே? வலை சிக்குகிற இடம் எங்களுக்குத் தெரியும்.

வலை சிக்குகிற இடத்தை முதலில் குறித்து வையுங்கள் அண்ணே, அந்த அறிவு ஆராய்ச்சிக்காரர்களுக்கு வேண்டும். 1991-ல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில், லாட வடிவத்தில் ஒரு அமைப்பைப் பார்த்தார்கள். கடல்மட்டம் அந்த ஆழத்தில் இருந்தது பல ஆயிரம் வருஷத்துக்கு முன், ஆகவே நகரமும் அவ்வளவு பழசு என்று ஒரு வாதம் கிளம்பியது. ஆழம் சொல்வது அந்த இடம் எப்போது தரையாக இருந்தது என்பதை. அங்கே மனிதன் கட்டினானா, எப்போது கட்டினான் என்பதைச் சொல்ல ஓடு வேண்டும், செங்கல் வேண்டும், கரி வேண்டும்.

கடல் நிலத்தைத் தின்ன பனியுகம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது உங்களுக்கே தெரியும். தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் 1306-ல் பாண்டியன் குலசேகரன் காலத்தில் எழுந்தது. அதில் பெரும்பகுதி நம் கண்ணெதிரே கடலுக்குப் போய்விட்டது.

உறுதியாகக் கையில் இருப்பதே பெருமைக்குப் போதும். 1960-களில் தோண்டியபோது பூம்புகார்ப் பக்கத்துக் கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது, படகு கட்டும் மரத்தூண்களோடு. அந்த மரத்தின் காலம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. வானகிரியில் வளைந்த வாய்க்காலோடு செங்கல் நீர்த்தேக்கம். கிரேக்கத் தாலமி தன் நூலில் கபேரிஸ் என்று துறைமுகமாகக் குறித்ததும் இந்த ஊரைத்தான். சரக்கு மூட்டைக்குப் புலி முத்திரை குத்திய சுங்கச்சாவடி வேறு இருந்தது என்று சங்கப் பாட்டான பட்டினப்பாலை சொல்கிறது.

குத்தாலம் வாசகர்: டெல்டாவில் ஏன் கீழடி மாதிரி ஒன்று கிடைக்கவில்லை?

ஆறு வருஷா வருஷம் வண்டல் போட்டுக்கொண்டே இருந்தது. பழைய தரை ஆழத்தில் கிடக்கிறது, மேலே நெல் விளைகிறது, யாரும் தோண்ட விடமாட்டார்கள். ஆனாலும் உங்கள் ஊர்ப்பக்கத்துச் செம்பியன்கண்டியூரில் 2006-ல் ஒரு பள்ளி ஆசிரியர் தோட்டத்தில் குழி வெட்டியபோது புதிய கற்காலக் கைக்கோடரி ஒன்று கிடைத்தது. அதில் உள்ள குறிகள் சிந்து எழுத்து என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் சொன்னார். எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. கல்லே இல்லாத மண்ணுக்கு அந்தக் கல் எங்கிருந்தோ வந்திருக்கிறது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

கும்பகோணம், நகைப்பட்டறைக்காரர்: சோழர் செப்புத்திருமேனி வார்த்த ரகசியம் அழிந்துவிட்டது என்கிறார்களே?

உங்கள் ஊரிலிருந்து சுவாமிமலைக்கு டவுன் பஸ் போகிறது. தென்னை ஓலையை நறுக்கி மடித்து அளவு வைப்பது, தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருப் பிடிப்பது, அதன்மேல் காவிரியின் மெல்லிய வண்டலைப் பூசுவது எல்லாம் அங்கே இன்றும் நடக்கிறது. முதல் பூச்சு மெழுகின் ஒவ்வொரு கீறலையும் வாங்கிக்கொள்ளும், அதனால் அந்த வண்டல்தான் உயிர். பிறகு கரடான மண், கம்பிக்கட்டு, சூளை. மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம். செம்பு மெழுகைப்போல் ஒன்பது மடங்குக்கும் சற்றுக் கூடுதலான கனம், ஆகவே மெழுகை நிறுத்தாலே எவ்வளவு உருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். தஞ்சைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார், 1011-ல் வார்த்தது. தலையில் சுற்றிய சடையைப் பாருங்கள், நான் சொன்ன வண்டல் என்ன செய்யும் என்பது புரியும்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: முன்னேற்றம், முன்னேற்றம் என்கிறீர்கள். யாருக்கு முன்னேற்றம்? எங்கள் பாட்டன் பூட்டன் அந்த வயலில் சேற்றில்தானே நின்றார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி. நான் மேலே சொன்ன அதே நிலக்கணக்கில், வரி நீக்கிய இடங்களின் பட்டியலில், பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாக இருக்கிறது. முத்தைத் தரம் பிரித்த அதே கை மனிதரையும் தரம் பிரித்து எழுதியது. தளிச்சேரிப் பெண்களின் பெயர் இருக்கிறது, ஊர் ஊராக அவர்களைக் கொண்டுவந்தபோது அவர்களிடம் சம்மதம் கேட்டார்களா என்பது இல்லை. வாய்க்கால் வெட்டியவர் பெயர் எங்குமே இல்லை. பெருமை பேசும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்காதவர் கல்வெட்டைப் பாதிதான் படித்தவர்.

நாகப்பட்டினம், பள்ளி ஆசிரியை: மாணவர்களைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். அவர்களே கல்வெட்டு படிக்க முடியுமா சார்?

முடியும். ராஜராஜன் கால எழுத்து நம் எழுத்துக்கு ரொம்பத் தூரம் இல்லை. இரண்டு விஷயம் சொல்லிக்கொடுங்கள்: மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எ-ஏ, ஒ-ஓ வித்தியாசம் தெரியாது. க, த, ந, ன நான்கையும் முதலில் பழக்குங்கள். வெயில் நேராக அடிக்கும்போது எழுத்து தெரியாது, காலையிலோ சாயங்காலமோ போங்கள். விமானத்தின் அடிப்பகுதியில் குழந்தைகளின் கண் உயரத்திலேயே வரிகள் ஓடுகின்றன. "குடுத்தன" என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள், பேச்சில் நாம் சொல்கிற மாதிரியேதான் வெட்டியிருக்கிறது, சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.