வாட்ஸ்அப் குரூப்ல ரியாக்ஷன் போடுறது பத்தி கேளுங்க, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்

பினாங்குல எங்க தாமான் (குடியிருப்பு) குரூப், கோயில் குரூப், தமிழ்ப்பள்ளி பி.ஐ.பி.ஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) குரூப்னு மூணுக்கும் நான் அட்மின். சண்டைன்னா என் போனுக்குத்தான் வரும். முக்காவாசி சண்டை யாரும் யாரையும் திட்டுனதால வர்றதில்ல, ஒரு மெசேஜுக்குக் கீழ ஒருத்தர் தட்டுன ஒரு சின்னப் படத்தால வருது. கேள்விய போடுங்க, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

பட்டர்வொர்த்லேருந்து ஒரு மருமக: அக்கா, எங்க மாமாவோட தம்பி தவறிட்டாரு. குடும்ப குரூப்ல செய்தி போட்ட உடனே பெரியத்தை கண்ணுல தண்ணி வர சிரிக்கிற மூஞ்சிய தட்டிட்டாங்க. வீட்டுல எல்லாரும் கொதிக்கிறாங்க. பழைய மனக்கசப்பு வேற இருக்கு, வேணும்னே செஞ்சாங்களா?

இல்லம்மா. இது எனக்கு வர்ற புகார்லயே ரொம்ப சாதாரணமானது. அந்த மூஞ்சியில பெருசா தெரியறது ரெண்டு சொட்டு கண்ணீர்தான், கண்ணாடி போடாம சின்ன ஸ்க்ரீன்ல பாக்குற வயசானவங்களுக்கு அது அழற மூஞ்சிதான். வாட்ஸ்அப்புல மெசேஜ அழுத்திப் புடிச்சா வர்ற வரிசைய பாருங்க. தம்ஸ் அப், ஹார்ட்டு, இந்த சிரிப்பு, வாய பொளந்த மூஞ்சி, அழுகை, கடைசியில கும்பிடு கை. சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவுல ஒரே ஒரு மூஞ்சிதான். பேஸ்புக்குல இன்னும் மோசம், கோவிட் நேரத்துல 2020-ல கேர்னு ஒன்னு சேத்தாங்கல்ல, அதுக்குப் பக்கத்துலயே ஹாஹாவ வெச்சிருக்காங்க, விரல் கொஞ்சம் நழுவுனா ஆறுதல் சொல்ல வந்தவங்க சிரிச்சுட்டுப் போன மாதிரி ஆயிடுது.

நீங்க செய்ய வேண்டியது, பெரியத்தைக்கு போன் போட்டு, அத்தை நீங்க தட்டுனது சிரிக்கிற மூஞ்சி, அதையே திரும்ப ஒரு தட்டு தட்டுங்க போயிடும்னு சொல்லுங்க. ஆனா பாத்தவங்க பாத்துட்டாங்க, செய்தி போட்டவருக்கு நோட்டிபிகேஷனும் போயிருக்கும், அதனால துக்க வீட்டுலயும் யாராவது ஒருத்தர்கிட்ட விஷயத்த சொல்லிடுங்க. குரூப்லயே "அத்தை ஏன் சிரிக்கிறீங்க"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. குரூப்ல வெச்சு ஆளைத் திருத்தாதீங்க, இத நான் இன்னைக்கு இன்னும் பல தடவ சொல்லப் போறேன். பெரியவங்களுக்கு ஒன்னு சொல்லிக் குடுங்க: சாவு செய்திக்கு மூஞ்சி எதுவும் வேணாம், வரிசையில கடைசியா இருக்கற கும்பிடு கை போதும்.

பிரிக்பீல்ட்ஸ், ஆபீஸ் வேலை பாக்குற தங்கச்சி: நான் ராத்திரி உக்காந்து நீளமா எழுதி அனுப்புனதுக்கு மேனேஜர் வெறும் தம்ஸ் அப். கோவமா இருக்காரா?

வயசு என்னன்னு பாருங்க. அம்பது தாண்டுனவங்களுக்கு தம்ஸ் அப்னா "நல்லது, பாத்துட்டேன்", அவ்ளோதான். உங்க வயசு பிள்ளைங்களுக்கு அது வாய மூடுன்னு சொல்ற மாதிரி படுது. உங்க மெசேஜுல கேள்வி இருந்துச்சா? இருந்தா அது பதில் ஆகாது, நாளைக்கு அந்தக் கேள்விய மட்டும் ஒரு வரியில திரும்பக் கேளுங்க. கேள்வி இல்லன்னா விட்டுடுங்க.

செபராங் ஜெயா, ரினோவேஷன் காண்ட்ராக்டர்: கொட்டேஷன் அனுப்புனேன், கஸ்டமர் தம்ஸ் அப் போட்டாரு. வேலைய ஆரம்பிக்கலாமா சிஸ்டர்?

ஆரம்பிக்காதீங்க அண்ணே. கனடாவுல சஸ்காச்சுவன் மாநிலத்துல ஒரு விவசாயிக்கு, ஆளி விதை வாங்குற கம்பெனி 2021-ல காண்ட்ராக்ட்ட போட்டோ புடிச்சு அனுப்பி, உறுதி பண்ணுங்கன்னு கேட்டுச்சு. அவரு தம்ஸ் அப் அனுப்பிட்டு, விதைய குடுக்கல. மெசேஜ் கிடைச்சதுன்னு சொல்லத்தான் போட்டேன்னு அவரு சொன்னாரு, 2023-ல கோர்ட்டு அத ஏத்துக்கல, கையெழுத்துக்கு சமம்னு சொல்லி 82,000 கனடா டாலருக்கு மேல கட்டச் சொல்லிடுச்சு. 2024-ல அப்பீல்லயும் அதே முடிவுதான். இதுக்கு முன்னாடி அந்த ரெண்டு பேருக்கும் நடந்த வியாபாரத்துல அவரு "ஓகே", "ஆமா"ன்னு சுருக்கமா அனுப்பி சரக்கையும் குடுத்திருக்காரு, அதையும் சேத்துத்தான் பாத்தாங்க. அது அந்த நாட்டு சட்டம், இங்க உங்க கேஸுக்கு வக்கீல்தான் சொல்லணும். ஆனா பணம்னு வந்துட்டா, "இவ்ளோ வெள்ளி (ரிங்கிட்), இந்தத் தேதியில ஆரம்பிக்கலாம், சம்மதம்"னு கஸ்டமர் கையாலயே எழுத வைங்க. நீங்களும் காசு சம்பந்தப்பட்ட எந்த மெசேஜுக்கும் சும்மா தம்ஸ் அப் தட்டாதீங்க.

சுங்கை டுவா, அம்மா ஒருத்தங்க: படிச்சிட்டாங்க, ப்ளூ டிக் தெரியுது, ஆனா ஒரு ரியாக்ஷன் கூட இல்ல. மதிக்கலன்னுதானே அர்த்தம்?

கிடையாதுங்க. குரூப்புல ப்ளூ டிக் எப்ப வரும்னா எல்லாருமே அத தொறந்தப்புறம்தான். தொறந்தாங்கன்னா படிச்சாங்கன்னு ஆயிடாது, எல்ஆர்டி ரயில்ல நிக்கும்போது விரலால தள்ளிட்டுப் போனாலும் தொறந்த கணக்குதான். தனி சாட்டுல ப்ளூ டிக்க ஆப் பண்ணி வெக்கலாம், குரூப்புல அது முடியாது, அதனால ஒளிஞ்சுக்க வழி இல்லாம மாட்டிக்கிறவங்களத்தான் நாம குத்தம் சொல்லிட்டு இருக்கோம். கோத்தோங் ரோயோங்குக்கு (எல்லாரும் கூடி செய்யற துப்புரவு மாதிரி பொது வேலை) யார் வர்றாங்கன்னு தெரியணுமா, குரூப்புலயே போல் (வாக்கெடுப்பு) போடுங்க. ரியாக்ஷன எண்ணி ஆள் கணக்கு எடுக்காதீங்க.

கெப்போங்: கும்பிடு கைய என் மகன் ஹை ஃபைவ்ங்கறான்.

கும்பிடுதான்.

ஆயர் ஈத்தாம், ஐயா ஒருத்தர்: எங்க கோயில் குரூப்ல ஒரு இறப்பு செய்தி போட்டா நாலு பேர்கூட ரெண்டு வார்த்தை எழுதுறதில்லம்மா. கும்பிடு கைய தட்டிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுறாங்க. ஒரு உசுருக்கு இவ்ளோதானா மரியாதை?

ஐயா, நான் என் குரூப்புங்கள்ல அப்படித்தான் செய்யச் சொல்லி வெச்சிருக்கேன். ஏன்னு சொல்றேன். செய்தி வந்த உடனே ஆழ்ந்த இரங்கல், ஓம் சாந்தி, ஆர்ஐபின்னு வரிசையா கொட்டும். அதுக்கு நடுவுல குடும்பத்துல ஒருத்தர், நல்லுடல் எத்தனை மணிக்கு வீட்டுலேருந்து கெளம்புது, பத்து லஞ்சாங் மின்சுடலைக்கு எப்ப போய்ச் சேரும், வீடு எங்கன்னு போடுவாரு. அது அப்படியே மேல போயிடும். பினாங்குப் பாலத்தத் தாண்டி வரவேண்டியவங்க நேரம் தெரியாம, எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து நிக்கிறாங்க.

பாயான் லெப்பாஸ், தம்பி: அக்கா சொல்றது சரி. எங்க தாத்தா போனப்போ எங்கம்மா ஒவ்வொரு மெசேஜுக்கும் நன்றி நன்றின்னு டைப் பண்ணிட்டு இருந்தாங்க, உக்காந்து அழக்கூட விடல.

ஆயர் ஈத்தாம் ஐயா: தம்பி, அந்த மெசேஜ எல்லாம் உங்கம்மா அப்புறம் எத்தனை தடவ எடுத்துப் படிச்சாங்கன்னு கேட்டுப் பாத்தீங்களா?

பாயான் லெப்பாஸ் தம்பி: எல்லாம் ஒரே மாதிரி காப்பி பேஸ்ட் ஐயா, அதுல படிக்க என்ன இருக்கு?

செந்தூல், அக்கா ஒருத்தங்க: என் வீட்டுக்காரர் தவறுனப்போ அவரு கூட வேலை செஞ்சவரு ஒருத்தர், ஷிப்ட்டு மாத்தி விட்டு எனக்கு உதவுன மனுஷன்னு எழுதியிருந்தாரு. அத இன்னும் அழிக்காம வெச்சிருக்கேன். கும்பிடு கை போட்டவங்க லிஸ்ட நான் தொறந்து பாக்கவே இல்ல.

செந்தூல் அக்கா சொன்னத படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். ஐயா கோவப்படுறதுலயும் நியாயம் இருக்கு. ஆனா தம்பி சொன்னதும் நெசம்தான், துக்க வீட்டுல ஒரு பொம்பள கையில போன வெச்சுட்டு நன்றி எழுதிட்டு இருக்கறத நானே பாத்திருக்கேன், அது கொடுமை.

நான் என்ன நெனைக்கிறேன்னா, இந்த ரெண்டு வேலையும் ஒரே எடத்துல நடக்கக்கூடாது. குரூப்ங்கறது சேதி சொல்ற எடம். அங்க கும்பிடு கை போதும், நேரமும் அட்ரஸும் இருக்கற மெசேஜ அட்மின் குரூப் உச்சியிலயே நிக்கிற மாதிரி பின் பண்ணி வெச்சிடணும், ஒரு நாள், ஏழு நாள்னு தேர்ந்தெடுக்கலாம், யாரும் தேட வேணாம். அந்தக் குடும்பத்துக்கு சொல்ல வேண்டியத அந்தக் குடும்பத்தோட நம்பருக்கே எழுதுங்க. எழுதும்போது செத்துப்போனவரப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்த எழுதுங்க, அந்த ஷிப்ட்டு மாத்தி விட்டாருன்னு எழுதுன மாதிரி. முடிவுல "பதில் போட வேணாம்"னு சேத்துடுங்க. மேல வந்த ஓம் சாந்திய காப்பி பண்ணி ஒட்டுறவங்கள எழுதுனவங்க கணக்குல சேக்காதீங்க ஐயா, கும்பிடு கைய தட்டுனதுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. பக்கத்துல இருக்கறவங்க எழுதவும் வேணாம், நேர்ல போங்க, கருமக்கிரியைக்கும் போங்க, அப்பதான் வீடு காலியா இருக்கும்.

ஆயர் ஈத்தாம் ஐயா: நேர்ல போறத பத்தி சொன்னீங்களே, அத ஒத்துக்குறேன். மத்தது இன்னும் மனசுக்கு ஒப்பல.

சரிங்க ஐயா. உங்க குரூப்ல உங்க வழக்கப்படியே இருக்கட்டும், அந்த மெசேஜ பின் பண்றத மட்டும் உங்க அட்மின்கிட்ட சொல்லுங்க.

ஜார்ஜ்டவுன்: இதையே கேக்கலாம்னு இருந்தேன். முஸ்லிம் நண்பரோட அப்பா மௌத்தாயிட்டாரு. கும்பிடு கை போடலாமா?

பினாங்குல இதுக்காக யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க, நம்ம மனசு அவங்களுக்குத் தெரியும். ஆனா கும்பிடுறது சிலருக்கு வழிபாடு மாதிரி படும், அதனால அழற மூஞ்சிய தட்டிட்டு, ரொம்ப வருத்தமா இருக்குன்னு நண்பருக்கு தனியா ஒரு வரி எழுதுங்க. முக்கியமா ஜனாஸாவ தள்ளிப்போட மாட்டாங்க, பெரும்பாலும் அன்னைக்கே அடக்கம் பண்ணிடுவாங்க, போகணும்னா யோசிச்சுட்டு இருக்காம உடனே கெளம்புங்க.

புக்கிட் மெர்தாஜாம்: ப்ளூ டிக் இருக்கு, ஆனா ரியாக்ஷன்…

மேல சுங்கை டுவா அம்மாவுக்கு சொன்னத படிங்க.

ஷா ஆலாம், தம்பி: நான் கிண்டலாதான் "பிரமாதம்"னு போட்டேன், சிரிப்பு மூஞ்சியும் போட்டேன். அவரு கோவிச்சுக்கிட்டு குரூப்ப விட்டே போயிட்டாரு. கிண்டல்னு தெரியாதா?

தெரியாது தம்பி. 2005-ல அமெரிக்காவுல ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. நான் கிண்டல் பண்றேனா, நெசமா சொல்றேனான்னு ஈமெயில் படிக்கறவங்க நூத்துக்கு 78 தடவ சரியா கண்டுபிடிச்சுடுவாங்கன்னு அனுப்புனவங்க நம்புனாங்க. படிச்சவங்க சரியா சொன்னது 56 சதவீதம். குருட்டாம்போக்குல சொன்னாலே 50 வருமே. அதையே குரல்ல சொன்னப்போ 73 வந்துச்சு. உங்க காதுல உங்க குரல் கேக்குது, அவருக்குக் கேக்கல. அந்த சிரிப்பு மூஞ்சி வேற, நாம ரெண்டு பேரும் சிரிக்கிறோம்னு நீங்க நெனச்சீங்க, என்னப் பாத்து சிரிக்கிறான்னு அவரு எடுத்துக்கிட்டாரு. போன் பண்ணுங்க. குரூப்ல மன்னிப்பு கேட்டு நாடகம் ஆக்க வேணாம், தனியா பேசுங்க.

தஞ்சோங் பூங்கா: டெலிகிராம்ல தள்ளிட்டு இருக்கும்போது தெரியாம ஒரு பொண்ணு போட்டோவுக்கு ஹார்ட்டு போயிடுச்சு!

ரெண்டு தட்டு தட்டுனா அங்க ரியாக்ஷன் விழுந்துடும். எடுத்துடுங்க, கேட்டா உண்மைய சொல்லுங்க, கேக்கலன்னா நீங்களா நீளமா விளக்காதீங்க.

பூச்சோங், புது அட்மின்: மெம்பர் போடுற மோசமான மெசேஜுக்கு அட்மின் மாட்டுவாங்களா?

இத லேசா எடுத்துக்காதீங்க. 2012-லேருந்து நம்ம சாட்சியச் சட்டத்துல 114ஏ பிரிவு இருக்கு. ஒரு வெளியீட்டுல ஓனராவோ அட்மினாவோ எடிட்டராவோ உங்க பேரு இருந்தா, நீங்கதான் வெளியிட்டீங்கன்னு சட்டம் முதல்ல எடுத்துக்கும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது உங்க பொறுப்பு. 2021 பிப்ரவரியில மலேசியாகினி செய்தித் தளத்துக்கு, வாசகருங்க போட்ட கமெண்டுக்காக கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் போட்டுச்சு. வாட்ஸ்அப் குரூப்புக்கு எது எப்படிப் பொருந்தும்னு வக்கீல கேளுங்க. என் பழக்கம் என்னன்னா, பாத்த உடனே எல்லாருக்கும் போற மாதிரி டிலீட் பண்ணிட்டு, போட்டவருக்கு தனியா சொல்லிடுவேன். அந்த மாதிரி மெசேஜுக்கு சிரிப்பு மூஞ்சி போட்ட அட்மினையும் பாத்திருக்கேன். செய்யாதீங்க.

கூலிம் பக்கம்: என் அக்கவுண்ட்ட யாரோ எடுத்து எல்லார்கிட்டயும் காசு கேக்குறாங்க.

இது என் வேலை இல்லைங்க, இங்க நேரத்த வீணாக்காதீங்க. காசு போயிருந்தா இப்பவே மோசடிப் புகாருக்கு இருக்கற 997-க்கு அடிங்க, குரூப்ல இருக்கறவங்களுக்கு வேற நம்பர்லேருந்து சொல்ல சொல்லுங்க.

கிள்ளான்: அக்கா, ப்ளூ டிக் வந்தும்…

இதுக்கு இனிமே பதில் இல்ல.

நிபோங் தெபால், அப்பா ஒருத்தர்: பி.ஐ.பி.ஜி குரூப்ல டீச்சர் என் பிள்ளைய பத்தி போட்டதுக்கு கோவிச்சுக்கிட்டு குரூப்ப விட்டு வந்துட்டேன். நாலு பேரு அதுக்கு தம்ஸ் அப் வேற போட்டாங்க. இப்ப ஸ்கூல் சேதி எதுவும் தெரியல. திரும்ப எப்படி போறது?

அந்த நாலு பேரு உங்க பிள்ளைய குறை சொன்னதுக்குத்தான் தட்டுனாங்கன்னு எப்படித் தெரியும் அண்ணே? பெரும்பாலும் டீச்சர் ஒரே மெசேஜுல மூணு விஷயம் போடுவாங்க, நாளைக்கு பி.ஜே. (உடற்கல்வி) சட்டை, வெள்ளிக்கிழமை லீவு, நடுவுல உங்க பிள்ளை. லீவுக்கு தட்டியிருப்பாங்க. முதல்ல ஸ்கூலுக்குப் போய் டீச்சர நேர்ல பாருங்க, பிள்ளை பேர குரூப்ல போட வேணாம்னு மரியாதையா கேளுங்க, அது நியாயமான கோரிக்கை. அப்புறம் அட்மினுக்கு "என்னைச் சேத்துவிடுங்க"ன்னு ஒரு வரி போடுங்க. உள்ள வந்ததும் ஏன் போனேன்னு விளக்க வேணாம், அடுத்து வர்ற ஸ்கூல் அறிவிப்புக்கு உங்க தம்ஸ் அப்ப தட்டிட்டு இருங்க.