சிப்பாயின் பென்சில்: கேள்வி பதில்

அல்சூரில் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் டிராஃப்ட்ஸ்மேனாக, அதாவது வரைபடம் வரைபவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். போரில் இருந்தபடியே படம் வரைந்த வீரர்களைப் பற்றிப் பெங்களூர் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேமராதான் வந்துவிட்டதே, பிறகு எதற்கு ஓவியம்? (பிரேசர் டவுன் வாசகி)

வந்துவிட்டது, ஆனால் சிப்பாயிடம் இருக்கக் கூடாது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் வீரர்களின் சொந்தக் கேமராக்களுக்குத் தடை போட்டது. பென்சிலோ சட்டைப்பையில் அடங்கிவிடும்.

கைதி முகாமில் வரைந்தவர்கள் படங்களை எப்படிக் காப்பாற்றினார்கள்? (ஜீவன் பீமா நகர் அன்பர்)

ரொனால்ட் சியர்ல் என்ற ஆங்கிலேயர், 'தம்பி' என்று அழைக்கப்படும் நம் அல்சூர் சிப்பாய்களைப் போல அவரும் சேப்பர்தான், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிக்கினார். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோய்ச் சாகடித்தார்களே, அந்த 415 கிலோமீட்டர் சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதையில் அவரும் வேலை செய்தார். படம் அகப்பட்டால் உயிர் மிஞ்சாது. காலரா கண்டு கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் தாள்களைச் செருகிவைத்தார்; காவலர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். தப்பிய சுமார் 300 படங்கள் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அதே பாதையில் ஜாக் சாக்கர் என்ற கைதி, டன்லப் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவருக்காகக் கால் புண்களை வரைந்து மூங்கிலுக்குள் ஒளித்தார். ஒரு கோடுகூட அழகுக்காக இழுத்ததில்லை. எனக்குச் சியர்லைவிட இவரைத்தான் பிடிக்கும்.

கோயாவும் சிப்பாய்தானே?

இல்லை. ஸ்பெயின் அரசவை ஓவியர். போரைக் கண்டவர், போரிட்டவர் அல்லர்.

ஓட்டோ டிக்ஸ் படங்கள் அருவருப்பாக இருக்கின்றனவே?

இருக்கத்தான் வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் இருந்தவர்; போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1924இல், 50 படங்கள் வெளியிட்டார். செப்புத் தகட்டை அமிலத்தில் அரிக்கவைத்து அச்செடுக்கும் முறை அது. அரிபட்ட இடம் தாளில் அழுகிய சதை போலவே விழும். 1933இல் நாஜிகள் அவரது ஆசிரியர் வேலையைப் பறித்தார்கள்.

தாத்தா பர்மாவில் வரைந்த நோட்டு வீட்டில் இருக்கிறது. லேமினேட் செய்யலாமா? (காக்ஸ் டவுன்)

ஐயோ, வேண்டாம்! சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது. செலோ டேப்பும் வேண்டாம். அமிலமற்ற தாளை இடையில் வைத்து, ஈரச் சுவரிலிருந்து தள்ளிப் படுக்கை வசமாக வையுங்கள். மங்கிய கோட்டின் மேல் புதிதாக இழுக்காதீர்கள். ஓரத்தில் பீடிக் கணக்கு எழுதியிருந்தால் அதையும் வெட்டிவிடாதீர்கள்.