உள்ளூர் இசைக்குழுக்களுக்குச் சின்ன இசைத்தட்டு நிறுவனம் இன்றைக்கும் தேவையா?

பாட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஏற்றலாம், அப்புறம் சின்ன லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்காரன், பழைய தென்னாப்பிரிக்க ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடி வாங்குகிறவன். தேவை என்றுதான் சொல்வேன். காரணம், ரஷீத் வாலி.

ஜோகன்னஸ்பர்க்கில் கோஹினூர் என்ற இசைத்தட்டுக் கடையை நடத்தியவர் அவர். 1974இல் அஷ்-ஷம்ஸ் என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். அதே ஆண்டு பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிமும் (அப்போது டாலர் பிராண்ட் என்று பெயர்) சாக்ஸபோன் கலைஞர்கள் பேசில் குட்சியே, ராபி ஜான்சன் முதலானோரும் கேப் டவுனில் 'மானன்பர்க்' என்ற ஜாஸ் உருப்படியைப் பதிவு செய்தார்கள். செலவு வாலியுடையது. பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரே உருப்படி, தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அதுதான். மூன்று நிமிடப் பாட்டாகக் கொடு என்று கேட்கும் எந்த நிறுவனமும் இதற்குக் காசு போட்டிருக்காது. வாலியால் முடிந்ததற்குக் காரணம் அந்தக் கடை. யார் எதை வாங்குகிறார்கள், எதைத் திரும்ப வந்து கேட்கிறார்கள் என்பதைக் கவுன்டருக்குப் பின்னால் நின்று தினமும் பார்த்தவர் அவர். நிறவெறி ஆட்சியில் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த வானொலிக்கு அந்த அறிவு கிடையாது.

ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவின் பீட்டர்ஸ் குழு 1975இல் 'ஹராரி' என்ற இசைத்தட்டை இதே லேபிளில்தான் வெளியிட்டது. பிறகு குழுவின் பெயரே ஹராரி ஆனது, பெரிய நிறுவனமான காலோவும் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஒரு குழு பெரிய இடத்துக்குப் போவதற்கு முன் அதை நம்பி முதலில் பணம் போடுகிற ஒருவர் வேண்டும். அது இன்றும் மாறவில்லை.

எனக்கு மிகவும் நெருக்கமான பெயர் லயனல் பிள்ளை. டர்பனில் பிறந்த பியானோ கலைஞர். பேசில் குட்சியேவோடு அவர் வாசித்த 'பிளம் அண்ட் செர்ரி' என்ற இசைத்தட்டு 1979இல் அஷ்-ஷம்ஸில் வந்தது. இங்குள்ள தமிழர்களிலேயே பலருக்கு அவரைத் தெரியாது என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். தயவு செய்து அவர் வாசிப்பைக் கேளுங்கள். இந்தப் பதிவுகளின் மூல ஒலிநாடாக்களை லேபிள் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இன்று மறுபதிப்புகள் வருகின்றன, நாமும் கேட்கிறோம். டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியின் கல்யாணங்களில் தமிழ்ப் பாட்டு வாசித்த எத்தனையோ உள்ளூர் ஆர்கெஸ்ட்ராக்களுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. என் வயதுக்காரர்களுக்கு அவர்கள் பெயராவது நினைவிருக்கிறது, வாசிப்பைக் கேட்க வழியில்லை.

இணையத்தில் ஏற்றுவது விநியோகம் மட்டும்தான். ஸ்டூடியோ வாடகை, நல்ல ஒலிப்பதிவாளர், அட்டைப்படம், இருபது வருடம் கழித்தும் மாஸ்டரை (மூல ஒலிப்பதிவை) தேடி எடுத்துத் தரும் ஆள், இவற்றுக்கெல்லாம் இன்னொருவர் வேண்டும்.

நீங்கள் குழு நடத்துகிறவர் என்றால், லேபிள்காரரிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: பதிவுச் செலவு யாருடையது, மாஸ்டர் யாரிடம் இருக்கும், உரிமை எத்தனை ஆண்டில் உங்களிடம் திரும்பும். மூன்றாவதற்கு மழுப்பினால் கையெழுத்துப் போடாதீர்கள்.